மணிக்கு ஏழரை ரூபாய்!

தமிழில் 'ஏலம்' என்ற வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம். ஒண்ணு, பாயசத்தில் மணக்கிற, பிரியாணியில் பல்லில் கடிபட்டுக் கடுப்பேற்றுகிற ஏலக்காய். இன்னொண்ணு, 'ஒரு தரம்... ரெண்டு தரம்...' ஏலம். முதல் ஏலம் நம்ம மலையின் சொந்தச் சொல். ரெண்டாவது, போர்ச்சுக்கீசியர்கள் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய 'லெய்லாவ்' என்கிற சொல் தேய்ந்து தேய்ந்து தமிழாகிப் போனது. இந்த ரெண்டு ஏலமும் ஒரே கூரைக்குக் கீழே சந்தித்துக்கொள்கிற ஊர், போடிநாயக்கனூர்!

தேனி மாவட்டத்தின் மேற்கு ஓரம். முந்தல் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். மூச்சு வாங்க மேலே ஏறினால் போடிமெட்டு. அந்தப் பக்கம் கேரளாவின் ஏலமலை. விடியுறதுக்குள்ளேயே போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து ஜீப் ஜீப்பாகத் தொழிலாளர்கள் மலையேறுவார்கள். அங்கே பறித்து, ஸ்டோரில் உலர்த்திய காய், மூட்டையாகி போடிக்கு இறங்கும். பச்சையாக அஞ்சு கிலோ பறித்தால் காய்ந்து கைக்கு வருவது சுமாராக ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதை முடிவு செய்வதுதான் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையம். 2007-ல் வாயால் கத்துகிற ஏலம் போய், கம்ப்யூட்டர் ஏலம் வந்தது.

அங்கே உட்கார்ந்திருக்கும் வியாபாரியைக் கொஞ்சம் கவனியுங்கள். கையில் சாம்பிள் காய். நிறம் பார்ப்பார். பருமன் பார்ப்பார்... 8 மில்லிமீட்டரா, 7-ஆ? ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் நிற்கும் என்று கை எடை போட்டுப் பார்க்கும். மனசுக்குள் ஒரு விலை முடிவாகிவிடும். திரையில் விலை ஏற ஏற, எந்தப் புள்ளியில் விரலை எடுக்கணும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்து சீட்காரர் மனசில் என்ன விலை ஓடுகிறது என்பது தெரியாது. அவருக்கு டெல்லியிலிருந்து பெரிய ஆர்டர் இருக்கா, இல்லை சும்மா விலையை ஏற்றிவிட்டுக் கழன்றுகொள்ளப் போகிறாரா? யாருக்குத் தெரியும்!

பாதித் தகவல் கையில். மீதித் தகவல் எதிராளியின் தலைக்குள். நடுவில் சொந்தக் காசு. இதே மூணையும் 52 சீட்டை வைத்துச் செய்தால், அதன் பெயர் போக்கர்.

ஹாஸ்டல் வராந்தாக்களில் ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிற கேள்வி இது: "மச்சி, ஆன்லைன்ல சின்னக் காசு வச்சு போக்கர் ஆடி, கைச்செலவுக்காவது தேத்த முடியுமா?"

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுவோம். 2025 ஆகஸ்ட் 22-ல் ஜனாதிபதி ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும் கூடாது என்றது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்கிற பஞ்சாயத்துக்கே அதில் இடம் இல்லை. இந்தியாவின் பெரிய போக்கர், ரம்மி தளங்கள் அந்த வாரமே காசு மேசைகளை இழுத்து மூடின. அப்புறம் எதுக்கு பாஸ் இந்தக் கட்டுரை என்கிறீர்களா? மேசையை மூடலாம்... கேள்வியை மூட முடியவில்லையே! 'நான் மாசம் இவ்வளவு சம்பாதிக்கிறேன்' வீடியோக்கள் அப்படியே கிடக்கின்றன. கடல் தாண்டிய தளங்கள் போனுக்குள் எட்டிப் பார்க்கின்றன. "தடை பண்ணிட்டாங்க" என்று சொன்னால், "அப்ப நல்லா காசு வந்திருக்கும்போல!" என்று நினைக்கிற வயசு நம்ம வயசு. அதனால், காசு வருமா வராதா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

மூணு சீட்டு தெரியுமா... பாதி தெரிஞ்ச மாதிரி!

திருவிழா ராத்திரியில் மூணு சீட்டு பார்த்தவர்களுக்கு போக்கர் புதுசில்லை. அதே ஜோடி, அதே வரிசை, அதே கலர். பிரபலமான 'டெக்சஸ் ஹோல்டம்' வகையில் ஆளுக்கு ரெண்டு சீட்டு. அதை நீங்க மட்டும் பார்க்கலாம். நடுவில் அஞ்சு சீட்டு, எல்லோருக்கும் பொது. முதலில் மூணு திறப்பார்கள், அப்புறம் ஒண்ணு, கடைசியாக ஒண்ணு. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பந்தயம். ஏழு சீட்டில் சிறந்த அஞ்சு யாருக்கோ, அவருக்குக் காசு. இல்லாவிட்டால், எல்லோரையும் பயமுறுத்தி எழுந்து ஓட வைத்தவருக்குக் காசு. சீட்டைப் பார்க்கும் முன்பே ரெண்டு பேர் கட்டாயமாகப் போட வேண்டிய தொகைக்கு 'பிளைண்ட்' என்று பெயர். ஒருவர் 1 ரூபாய், அடுத்தவர் 2 ரூபாய் போட்டால், அது ஒண்ணு-ரெண்டு மேசை. 200 ரூபாயோடு உட்காரலாம். நம்ம ஊர் 'சின்னக் காசு' என்பது இதுதான்.

இந்த ஆட்டம் உலகத்துக்கே தொற்றிக்கொண்டது 2003-ல். அமெரிக்காவின் டென்னசியைச் சேர்ந்த 27 வயது கணக்காளர் ஒருவர், ஆன்லைனில் 86 டாலர் கட்டி ஒரு தகுதிச் சுற்றில் ஆடினார். அதில் ஜெயித்து, லாஸ் வேகாஸில் நடந்த போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டிக்குப் போனார். அங்கே 838 பேரைத் தாண்டி அவர் தூக்கி வந்தது 25 லட்சம் டாலர்! அவர் பெயர் கிறிஸ் மணிமேக்கர். நிஜப் பெயரே அதுதான். கதை எழுதுகிறவன் இப்படிப் பெயர் வைத்தால் எடிட்டர் அடித்துவிடுவார். மூணே வருஷத்தில், 2006-ல், அதே போட்டிக்கு 8,773 பேர் வந்து நின்றார்கள். 'அவனே ஜெயிச்சான்... நான் ஜெயிக்க மாட்டேனா?' என்பது எல்லா மொழியிலும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும்.

எனக்கு மணிமேக்கரை விட இன்னொரு கிறிஸ்தான் சுவாரஸ்யம். கிறிஸ் ஃபெர்குசன். கம்ப்யூட்டர் சயின்ஸில் டாக்டர் பட்டம். தோளுக்குக் கீழே புரளும் முடி, தாடி. அதனால் பட்டப்பெயர் 'ஜீசஸ்'. 2000-த்தில் அதே உலகத் தொடரின் முதன்மைப் பட்டத்தை ஜெயித்தவர். 2006-ல் அவர் ஒரு சவாலை ஆரம்பித்தார். கையில் காசு: பூஜ்யம். இலவசமாக நடக்கும் போட்டிகளில் ஆடி சில்லறை தேற்றி, அந்தச் சில்லறையை வைத்தே 10,000 டாலர் ஆக்குவது. உலக சாம்பியன், பைசா பைசாவாகப் பொறுக்க உட்கார்ந்தார்!

அவர் தனக்குப் போட்டுக்கொண்ட விதிகள் மூணு. மொத்தக் கையிருப்பில் 5 சதவீதத்துக்கு மேல் எந்த மேசைக்கும் கொண்டுபோகக் கூடாது. பல பேர் ஆடும் பெரிய போட்டி என்றால் 2 சதவீதம்தான். மேசையில் குவிந்த தொகை மொத்தக் கையிருப்பில் 10 சதவீதத்தைத் தாண்டினால், ஜெயித்துக்கொண்டிருந்தாலும் எழுந்துவிட வேண்டும். இப்படி ஆடி, 2007-ல் 10,000 டாலரைத் தொட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. உலக சாம்பியனுக்கே அத்தனை நாள்!

நம்ம போடி வியாபாரிக்கு இந்த விதி புதுசா என்ன? இருக்கிற முதலையெல்லாம் ஒரே லாட்டில் கொட்டுகிறவர் அடுத்த சீசனில் ஏல மையத்தில் இருக்க மாட்டார். ஆனால், போனைக் கையில் வைத்திருக்கிற பையனிடம் இதைச் சொன்னால், "200 ரூபா மேசைக்கு உட்கார 4,000 ரூபா வச்சிருக்கணுமா? போங்க பாஸ்!" என்பான். 5 சதவீத விதிப்படி பார்த்தால் ஆமாம், 4,000 வேண்டும். அதுவும் போனால் போகட்டும் என்று விடக்கூடிய 4,000. மெஸ் பில்லுக்கு அப்பா அனுப்பிய 4,000 இல்லை.

ஒரு பையனை உட்கார வைப்போம்

நிஜ ஆள் வேண்டாம். சும்மா, ஒரு கற்பனைப் பையன். போடிக்காரன். ஏலக்காய் விவசாயிகளின் சங்கமே நடத்துகிற கல்லூரி இருக்கிற ஊர்க்காரன் என்பதால் கணக்கில் சூரன் என்றே வைத்துக்கொள்வோம். தடைக்கு முந்தைய காலத்தில், ஒண்ணு-ரெண்டு மேசையில் 200 ரூபாயோடு உட்கார்கிறான்.

முதல் கட்டத்தில் வருகிற எல்லா சீட்டையும் ஆடுவான். 'ராஜா இருக்கே', 'ரெண்டும் ஆட்டினா இருக்கே' என்று ஏதாவது ஒரு சாக்கு. ரெண்டு சீட்டுச் சேர்க்கைகளில் வேறு வேறு வகை மொத்தம் 169. ஆறு பேர் மேசையில் நிலையாக ஜெயிக்கிறவர்கள் சராசரியாக நாலில் ஒரு பங்கு கைகளைத்தான் ஆடுவார்கள். மீதி எல்லாம் ஃபோல்ட். ரம்மியில் 'டிராப்', மூணு சீட்டில் 'பேக்' என்போமே, அது. அதாவது நல்ல ஆட்டக்காரரின் முக்கால்வாசி வேலை, சும்மா இருப்பது. சொல்லும்போது சுலபம். நட்டநடு ராத்திரியில் சும்மா இருந்து பாருங்கள், தெரியும்!

ரெண்டு ஆஸ் ஜோடியாக வந்தால்? 221 கைக்கு ஒரு தடவைதான் வரும். வந்தாலும் எதிரே ஏதோ ரெண்டு சீட்டு வைத்திருக்கிற ஒரே ஒரு ஆளிடம் அது ஜெயிக்கிற வாய்ப்பு சுமார் 85 சதவீதம். ஏழு தடவையில் ஒரு தடவை தோற்கும். அந்த ஒரு தடவைதான் தூங்க விடாது.

அடுத்த கட்டத்தில் பையன் கணக்கைக் கற்றுக்கொள்கிறான். கையில் ரெண்டு ஆட்டின், நடுவில் நாலு சீட்டு திறந்ததில் ரெண்டு ஆட்டின். இன்னும் ஒரே சீட்டு பாக்கி. ஆட்டின் வந்தால் கலர் சேர்ந்து ஜெயம். பார்க்காத சீட்டு 46. அதில் ஆட்டின் 9. ஆக, வாய்ப்பு இருபது சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. நடுவில் 30 ரூபாய் இருக்கு. எதிராளி 15 போடுகிறார். நீங்க 15 கட்டினால் மொத்தம் 60 ஆகும். அதில் உங்க பங்கு கால்வாசி... 25 சதவீதம் விலை கொடுத்து 20 சதவீதச் சரக்கை வாங்குகிறீர்கள். நஷ்டம், போட்டுவிட்டு எழுந்திருக்கணும். அதே எதிராளி 5 ரூபாய் மட்டும் போட்டால்? 40-க்கு 5. எட்டில் ஒரு பங்கு விலைக்கு ஐந்தில் ஒரு பங்கு சரக்கு. வாங்கிப் போடணும்! ஆட்டின் வருமா வராதா என்பது கேள்வியே இல்லை. விலை கட்டுமா என்பதுதான் கேள்வி. ஏல மையத்தில் காயைக் கிள்ளிப் பார்க்கிற அப்பாவுக்குத் தெரிஞ்ச அதே கணக்கு.

ரெண்டாவது கட்டத்தைத் தாண்டுகிறவர்களே கம்மி. மூணாவது கட்டம் இன்னும் கஷ்டம். நோட்டுப் போட்டு ஒவ்வொரு நாளும் எத்தனை கை ஆடினோம், எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று எழுதுவது. ஜெயித்ததை எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். தோற்றதை ஞாபகம் வைத்திருக்க நோட்டு வேண்டும். அதை விட முக்கியம், 'விட்டதைப் பிடிக்கிறேன்' என்கிற வீம்பு ஏறும்போது போனைக் கீழே வைப்பது. உலகம் பூரா போக்கர் ஆடுகிறவர்கள் இந்த வீம்புக்குத் தனியாக 'டில்ட்' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். நமக்குப் பெயர் தேவையில்லை. மகாபாரதத்தில் தருமன் செய்தது அதுதான்.

சரி, எல்லாம் கற்றாகிவிட்டது. பையன் நிஜமாகவே நல்ல ஆட்டக்காரன் ஆகிவிட்டான். இப்போ எவ்வளவு வரும்?

வந்தது பாருங்க ஏழரை!

சின்ன மேசைகளில் நூறு கைக்கு அஞ்சு பெரிய பிளைண்ட் லாபம் என்றால், தளம் எடுத்துக்கொள்ளும் கமிஷன் போக, அது நல்ல ஆட்டம். பெரிய பிளைண்ட் 2 ரூபாய். ஆக, நூறு கைக்கு 10 ரூபாய். ஆன்லைனில் ஒரு மேசையில் மணிக்கு 75 கை ஓடும் என்று வைத்தால்...

மணிக்கு 7 ரூபாய் 50 காசு!

ஏழரை! நம்ம ஊரில் இந்த எண்ணை சனி பகவான் இல்லாமல் யாரும் உச்சரிப்பதே இல்லை. இது தோற்கிறவனின் கணக்கு இல்லை மக்களே, ஜெயிக்கிறவனின் கணக்கு. 2023 ஏப்ரல் முதல் ஆன்லைன் ஆட்டத்தின் நிகர லாபத்துக்கு 30 சதவீத வருமான வரி வந்தது. ஏழரை, அஞ்சேகால் ஆனது. அதே வருஷம் அக்டோபரில், கட்டுகிற பணத்துக்கே 28 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. ரெண்டு மணி நேரம் கண் எரிய ஆடினால் ஒரு டீ. வடை கேட்கக் கூடாது.

"நாலு மேசை ஒரே நேரத்துல ஆடுவேன்" என்பான் பையன். ஆடலாம். 30 ரூபாய் ஆகும், கவனம் சிதறாமல் இருந்தால். "பெரிய மேசைக்குப் போவேன்" என்பான். போகலாம். அங்கே எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள், இதே படியெல்லாம் ஏறி வந்தவர்கள். நூறு கைக்கு அஞ்சு என்பது அங்கே ரெண்டாகும், ஒண்ணாகும், அப்புறம் கழித்தல் குறி முளைக்கும்.

இதை விடக் கொடுமை ஒண்ணு இருக்கு. இந்தப் பையன் நல்ல ஆட்டக்காரனா என்பது அவனுக்கே தெரியாது! போக்கரில் ஏற்ற இறக்கம் அவ்வளவு. நூறு கைக்கு சராசரி அஞ்சு பிளைண்ட் லாபம் என்றாலும், அந்த நூறு கையில் ஏற்ற இறக்கம் நூறு பிளைண்ட் அளவுக்கு இருப்பது சாதாரணம். இதை வைத்துப் புள்ளியியல் கணக்குப் போட்டால், 10,000 கை ஆடி முடித்த பிறகும், நிஜமாகவே திறமையுள்ள பத்துப் பேரில் மூணு பேர் நஷ்டத்தில் நிற்பார்கள். 10,000 கை என்றால் நூற்று முப்பது மணி நேரத்துக்கு மேல். லட்சம் கை ஆடினாலும் நூற்றுக்கு அஞ்சாறு பேர் கதை அதேதான். லட்சம் கை ஆட தினம் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம். அத்தனைக்கும் லாபம் 10,000 ரூபாய்... சராசரியாக!

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், இன்னும் பயமாக இருக்கும். நூறு கைக்கு அஞ்சு பிளைண்ட் தோற்கிற, சுமார் ஆட்டக்காரன் இருக்கிறானே... 10,000 கை முடிவில் அப்படிப்பட்ட பத்துப் பேரில் மூணு பேர் லாபத்தில் இருப்பார்கள். 'எனக்குத் திறமை இருக்கு' என்று மார்தட்டுவார்கள். அதற்குள் ஒரு செமஸ்டர் போயிருக்கும். முதல் வாரமே தோற்றவன் தப்பித்தான். முதல் மாசம் ஜெயித்தவனைத்தான் வீட்டில் கவனிக்கணும்.

மேசைக்கு அடியில் ஒரு கை

தளத்தின் கமிஷன் என்று ஒரு வார்த்தை வந்ததே, அதன் பெயர் 'ரேக்'. ஊரில் மனமகிழ் மன்றத்தில் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று எடுப்பார்கள் இல்லையா, அதேதான். ஒவ்வொரு கையிலும் நடுவில் சேரும் காசில் சுமார் 5 சதவீதம் தளத்துக்கு. சின்னதாகத் தெரிகிறதா? ஆறு பேர், ஆளுக்கு 200 ரூபாய். மேசையில் மொத்தம் 1,200. கைக்கு சராசரியாக 20 ரூபாய் சேர்கிறது என்று வைப்போம். ரேக் 1 ரூபாய். மணிக்கு 75 கை, 75 ரூபாய். ஆறு பேரும் மாறி மாறி ஜெயித்து, மாறி மாறித் தோற்று, சரிசமமாக ஆடிக்கொண்டே இருந்தால், 16 மணி நேரத்தில் மேசையில் ஒரு பைசா இருக்காது! யாரும் தோற்கவில்லை. ஆனால் எல்லோர் பாக்கெட்டும் காலி. மேசைக்கு அடியில் இருக்கிற ஏழாவது ஆட்டக்காரர் சீட்டே தொடாமல் 1,200-ஐயும் வாரியிருப்பார்.

ஆக, சின்ன மேசையில் லாபம் பார்க்க அடுத்தவரை விடக் கொஞ்சம் நன்றாக ஆடினால் போதாது. ரேக்கையும் தாண்டுகிற அளவுக்கு நன்றாக ஆட வேண்டும். அந்த லாபம் எங்கிருந்து வரும்? மேசையில் உட்கார்ந்திருக்கிற, மோசமாக ஆடுகிற இன்னொரு பையனிடமிருந்து. அவனும் ஏதோ ஒரு ஹாஸ்டலில் மெஸ் பில் காசோடு உட்கார்ந்திருப்பவன்தான். ஏலக்காயில் பறித்தவர், உலர்த்தியவர், தரம் பிரித்தவர், வாங்கி விற்றவர் என்று பலருக்கும் ஏதோ கொஞ்சம் போகும். கடைசியில் ஒருவர் காசு கொடுத்து வாங்கிப் பாயசம் வைப்பார். போக்கரில் பாயசம் கிடையாது. அதே 1,200 ரூபாய்தான் சுற்றிச் சுற்றி வரும், தேய்ந்துகொண்டே.

அந்தப் பையனாவது பையன். ஆன்லைனில் எதிரே இருப்பது மனுஷன்தானா என்பதே சந்தேகம். 2019-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து உருவாக்கிய 'ப்ளூரிபஸ்' என்ற புரோகிராம், ஆறு பேர் ஆடும் மேசையில் தொழில்முறை ஆட்டக்காரர்களையே தோற்கடித்தது. அதைத் தயார் செய்ய ஆனது எட்டு நாள். கம்ப்யூட்டர் வாடகைச் செலவு 150 டாலருக்கும் கீழே! அந்த ஆராய்ச்சியாளர்கள் புரோகிராமை வெளியே விடவில்லை. ஆனால் அதே வேலையைச் செய்ய இன்னொருத்தர் முயற்சி பண்ண மாட்டார் என்பதற்கு யார் ஜாமீன்?

அந்த ரெண்டாவது கிறிஸ்ஸின் கதைக்கும் ஒரு வால் உண்டு. 5 சதவீதம், 10 சதவீதம் என்று பூஜ்யத்திலிருந்து வளர்த்துக் காட்டியது 'ஃபுல் டில்ட்' என்ற தளத்தில். அவரே அதன் இயக்குநர் குழுவில் இருந்தவர். 2011 ஏப்ரல் 15-ல் அமெரிக்க அரசு பெரிய போக்கர் தளங்களை முடக்கியபோது, அந்தத் தளத்தில் ஆட்டக்காரர்கள் போட்டு வைத்திருந்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கக் காசில்லை என்பது தெரியவந்தது. பலருக்குப் பணம் திரும்ப வருஷக்கணக்கில் ஆனது. கட்டுப்பாட்டோடு ஆடியவன் காசும் அதே பெட்டியில்தானே இருந்தது! எங்கேயோ கடல் தாண்டி, எந்த ஊர் என்றே தெரியாத தளத்தில் இன்றைக்குக் காசு போடுகிறவர்கள் இந்தக் கதையை ஒரு தடவை தேடிப் படிக்கலாம்.

கோர்ட் படிக்கட்டு

நம்ம ஊர்ச் சட்டக் கதை தனி மெகா சீரியல். ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் அறுபதுகளிலேயே சொல்லிவிட்டது. குதிரைப் பந்தயமும் திறமைதான் என்று 1996-ல், தமிழ்நாட்டு வழக்கில் சொன்னது. செல்போனில் ரம்மி வந்து, கடன் வாங்கி ஆடி, தற்கொலைகள் என்று செய்தி வர ஆரம்பித்த பிறகு கதை மாறியது. 2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டது. அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்ட் 3-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு. அக்டோபரில் புதுச் சட்டம். கவர்னர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் சட்டசபை மறுபடி நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல். நவம்பரில் உயர் நீதிமன்றம், 'ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம்தான், அவற்றைத் தடை செய்ய முடியாது. ஆனால் நேரம், வயது என்று கட்டுப்பாடு போடலாம்' என்றது. அப்படி வந்ததுதான் ராத்திரி 12 முதல் 5 மணி வரை ஆடக் கூடாது, ஆதார் வேண்டும் என்கிற விதிகள். அவை செல்லும் என்று 2025 ஜூனில் தீர்ப்பு வந்தது. ரெண்டே மாசத்தில் மத்திய அரசு ஒரே போடாகப் போட்டுவிட்டது! அந்தச் சட்டத்தில் தண்டனை, நடத்துகிறவர்களுக்கும் விளம்பரம் செய்கிறவர்களுக்கும். நடத்தினால் மூணு வருஷம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவனைக் குற்றவாளியாக்கவில்லை. இதுவும் எதிர்த்து வழக்காகி, உச்ச நீதிமன்றம் வரை போனது.

கோர்ட்டில் வக்கீல்கள் இத்தனை வருஷம் விவாதித்தது, போக்கருக்குத் திறமை வேண்டுமா என்று. வேண்டும்தான், சந்தேகமே இல்லை. ஆனால் திறமை வேண்டும் என்பதும், திறமைக்குக் கூலி கிடைக்கும் என்பதும் ஒண்ணா? ஏழரை ரூபாய்க் கணக்கை எந்த வக்கீலும் வாதாடி நான் படிக்கவில்லை.

ஏழாயிரம் ரூபாய்க் காய்

போடியில் வளர்ந்தவனுக்கு ஏற்ற இறக்கம் என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2018 வெள்ளத்தில் கேரள மலையில் ஏலச் செடிகள் அழிந்தன. அடுத்து வறட்சி. காய் இல்லை. 2019 ஆகஸ்ட் தொடக்கத்தில், மலைக்கு அந்தப் பக்கம் புற்றடி ஏலத்தில், ஒரு கிலோ அதிகபட்சமாக 7,000 ரூபாய்க்குப் போனது! அந்த விலையைப் பார்த்துவிட்டு, இருக்கிற இடத்தில் எல்லாம் செடி வைத்தவர்கள் உண்டு. ஏலச்செடி காய்க்க மூணாவது வருஷம் ஆகும். அந்த மூணாவது வருஷத்தில், 2022 வாக்கில், சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது. நல்ல கை வந்தது என்று நம்பி, எல்லாக் காசையும் நடுவில் தள்ளி, கடைசிச் சீட்டில் தோற்ற கதைதான்.

அப்புறமும் ஏலக்காய் விவசாயம் நின்றுவிடவில்லை, ஏல மையமும் மூடவில்லை. ரயில்கூட வந்துவிட்டது. அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்திய மதுரை-போடி ரயில், 2023 ஜூனில் மறுபடி போடிக்குள் நுழைந்தது. தாக்குப்பிடித்தவர்கள் யாரென்று கேட்டுப் பாருங்கள்... விலை ஏறியபோது பாதியை ஒதுக்கி வைத்தவர்கள், இடையில் மிளகும் காபியும் போட்டவர்கள் என்றுதான் பதில் வரும். ஃபெர்குசனின் 5 சதவீத விதியை அவர்களில் யாரும் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

போக்கர் என்கிற ஆட்டம் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நிகழ்தகவை இவ்வளவு ருசியாகச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரை நான் பார்த்ததில்லை. கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் நாலு நண்பர்களோடு, ஒரு கட்டு சீட்டோடு, மொட்டை மாடியில் உட்காருங்கள். காசுக்குப் பதில் தீக்குச்சி வைத்து ஆடலாம், புளியங்கொட்டை வைத்து ஆடலாம். போடிக்காரர்கள் கெத்தாக ஏலக்காய் வைத்தே ஆடலாம். ஆட்டம் முடிந்ததும் எண்ணி, அம்மாவின் டப்பாவில் திரும்பப் போட்டுவிட வேண்டும். கிலோவுக்கு அஞ்சாயிரம் காய் என்று குத்துமதிப்பாக வைத்தால், 2019 ஆகஸ்டின் அந்த விலையில் ஒரு காய் 1 ரூபாய் 40 காசு. ஒண்ணு-ரெண்டு மேசையின் சின்ன பிளைண்டை விட ஜாஸ்தி!